வலிக்குச் சூடு, சூட்டுக்கு மண்

ஒத்தடம் என்பது பேச்சு வழக்கு. சித்த மருத்துவ நூல்கள் அதை ஒற்றடம் என்று எழுதும். ஒற்றுதல் என்றால் மெல்ல அழுத்தி எடுத்தல். சூடான பொருளை வலிக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவதல்ல, வைத்து எடுத்து மறுபடி வைப்பது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. சித்த மருத்துவம் அக மருந்து 32, புற மருந்து 32 என்று வகுத்திருக்கிறது. கட்டு, பற்று, வேது, பூச்சு, பொட்டணம், தொக்கணம் ஆகியவற்றோடு ஒற்றடமும் புற மருந்து வரிசையில் வருகிறது. மருந்தை அரைத்துச் சூடாக்கித் தோலின்மேல் கனமாக அப்புவது பற்று. மண்ணைக் குழைத்து அப்பும் சிகிச்சைக்குத் தமிழ் மருத்துவத்தில் நெருங்கிய உறவு இந்தப் பற்றுதான்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் உள்ள தவளக்குப்பத்தைச் சுற்றி நல்லவாடு போன்ற கடலோர மீனவ ஊர்களும், தெற்கே பாகூர் ஏரிப் பாசன வயல்களும் உள்ளன. வலை இழுத்த தோளும் நாற்று நட்ட இடுப்பும் மாலையில் வலிக்கும். இந்தப் பக்கத்துக் கிராமங்களில், தமிழகத்தின் மற்ற கிராமங்களைப் போலவே, அந்த வலிக்கு முதல் வைத்தியம் அடுப்படியில்தான் தொடங்குகிறது. கல்லுப்பை வாணலியில் போட்டு வறுத்தால் உப்புக்குள் சிக்கியிருக்கும் துளி நீர் ஆவியாகிப் படபடவென்று வெடிக்கும். வெடிப்பு அடங்கியதும் பருத்தித் துணியில் கொட்டி முடிந்து, முதலில் தன் முன்கையின் உட்புறத்தில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் முதுகில் வைப்பார்கள். உப்பு இல்லாவிட்டால் தவிடு. வீக்கத்தோடு கூடிய வலி என்றால் விளக்கெண்ணெயில் வதக்கிய நொச்சி இலை அல்லது ஆமணக்கு இலை.

குதிகால் வலிக்குச் செங்கல் ஒத்தடம். செங்கல்லை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, அதன்மேல் பழுத்த எருக்கிலை இரண்டு மூன்றை அடுக்கி, குதிகாலை வைத்து எடுத்து வைத்து எடுப்பார்கள். இலை வதங்கும் வாசனையோடு அதிலிருந்து ஆவி கிளம்பும். பாதத்துக்குப் போய்ச் சேர்வது செங்கல்லின் நேரடிச் சூடு அல்ல, இலையின் ஈரம் வழியாக வரும் மிதமான சூடு. பழுத்த இலையைத் தேர்வதிலும் காரணம் உண்டு. பச்சை எருக்கில் பால் அதிகம், அது தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பெரும் கேடு. அந்தச் செங்கல்லும் சுட்ட களிமண்தான். தவளக்குப்பத்துக்கு வடக்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரை அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானியத் தொடர்புள்ள பானை ஓடுகளோடு செங்கல் கட்டுமானங்களும் வெளிப்பட்டன. மண்ணைச் சுடும் கைத்தொழிலுக்கு இந்தக் கரையில் வயது குறைந்தது 2,000 ஆண்டுகள். பக்கத்து வில்லியனூரின் சுடுமண் சிற்ப வேலைக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது.

சூடு வலியைக் குறைப்பது எப்படி? தோலின் இயல்பான வெப்பம் சுமார் 33 டிகிரி செல்சியஸ். அதை 40 டிகிரிக்குச் சற்று மேலே கொண்டுபோனால் அந்த இடத்து நுண் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்த ஓட்டம் கூடுகிறது, வலியைத் தூண்டும் கழிவுப் பொருள்கள் விரைவாக அகல்கின்றன. இறுகிப் பிடித்துக்கொண்ட தசை தளர்கிறது. தசை நாண்களிலும் மூட்டைச் சுற்றிய உறையிலும் இருக்கும் கொலாஜன் இழைகள் சூட்டில் சற்று இளகிக் கொடுக்கும். காலையில் மடங்க மறுக்கும் விரல்கள் வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தபின் மடங்குவது இதனால்தான்.

இவற்றைவிட விரைவாக வேலை செய்வது நரம்பு. ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 1965இல் வெளியிட்ட வாயில் கோட்பாட்டின்படி, வலிச் செய்தி முதுகுத் தண்டில் ஒரு வாசலைக் கடந்துதான் மூளைக்குப் போக வேண்டும். தொடுதல், அழுத்தம் போன்ற இதமான உணர்வுகள் அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தால் வலிக்கு வழி குறுகிவிடுகிறது. இடித்துக்கொண்ட முழங்கையைத் தன்னையறியாமல் தேய்த்துவிட்டுக்கொள்வதும் இதே கணக்கில்தான். ஒத்தடத்தின் சூட்டையும் அழுத்தத்தையும் இதே வழியில் விளக்குவது வழக்கம். சூடு எல்லை மீறும்போது எச்சரிப்பதற்கு வேறொரு அமைப்பு இருக்கிறது. நரம்பு முனையில் உள்ள டி.ஆர்.பி.வி.1 என்ற புரதம் சுமார் 43 டிகிரியில் திறந்து, ‘சுடுகிறது’ என்று அறிவிக்கும். மிளகாயின் காரப் பொருளைக் கொண்டு இதை 1997இல் கண்டுபிடித்தவர் டேவிட் ஜூலியஸ். ஆர்டெம் பட்டபூட்டியனோடு சேர்ந்து 2021இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். மிளகாய் அரைத்த கை எரிவதும் சுடுபாத்திரம் தொட்ட கை எரிவதும் ஒரே வாசல் வழியாகத்தான். இந்த எச்சரிக்கை மணி சரியாக அடிக்கிறதா என்பதில்தான் சூட்டுச் சிகிச்சையின் பாதுகாப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

வெளியிலிருந்து வைக்கும் சூடு தோலுக்குக் கீழே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழம்வரைதான் போகும். விரல், மணிக்கட்டு, முழங்கால் ஆகிய மூட்டுகள் தோலுக்கு அருகில் இருப்பதால் சூடு அவற்றை எட்டும். தொடை எலும்பு இடுப்பில் பொருந்தும் மூட்டு கனத்த தசைக்குள் புதைந்திருப்பதால் எந்த ஒத்தடமும் அதைச் சூடாக்காது. அங்கே கிடைக்கும் இதம் மேல் தசையிலிருந்தும் நரம்பிலிருந்தும் வருவது.

சூட்டைத் தாங்கி நிற்க ஒரு பொருள் வேண்டும். வறுத்த உப்பு சில நிமிடங்களில் ஆறிவிடும். வெந்நீரில் நனைத்த துணி அதைவிட விரைவாக ஆறும். களிமண்ணின் சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது. களிமண் துகள் ஒவ்வொன்றும் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. தட்டுத் தட்டாக அடுக்கிய அந்தத் துகள்களுக்கிடையே நீர் புகுந்து சிக்கிக்கொள்ளும். நீருக்கு வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் திறன் அதிகம். ஆனால் தொட்டியில் இருக்கும் வெந்நீர் நகர்ந்துகொண்டே இருக்கும். தோலருகே ஆறிய நீர் விலகிப் புதுச் சூடு வந்து மோதும். சேற்றுக்குள் சிக்கிய நீர் நகர முடியாது. எனவே வெப்பம் துகளிலிருந்து துகளுக்குக் கைமாறித்தான் வந்து சேர வேண்டும். தோலை ஒட்டிய சேறு சீக்கிரம் உடம்புச் சூட்டுக்குப் பக்கமாக இறங்கி ஒரு திரைபோல் நிற்க, பின்னால் இருக்கும் சேறு மெதுவாகச் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். காலை வைக்க முடியாத சூட்டில் இருக்கும் வெந்நீரின் அதே வெப்பநிலையில் சேற்றைப் பொறுத்துக்கொள்ள முடிவதற்குக் காரணம் இது. மூட்டின் மேடு பள்ளமெல்லாம் பொருந்திப் படிவது களிமண்ணின் இன்னொரு வசதி. அதன் கனமும் ஒரு மெல்லிய அழுத்தத்தைத் தருகிறது.

இதை இயற்கை மருத்துவத்தின் தனிச் சொத்து என்று நினைப்பவர்கள் எந்த மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவையும் போய்ப் பார்க்கலாம். சுவரோரம் ஒரு எவர்சில்வர் தொட்டி இருக்கும். அதில் நீர் 70 டிகிரியை ஒட்டியோ சற்று மேலோ சூடாக இருக்கும். கம்பியில் தொங்கும் கனமான கித்தான் பைகளை இடுக்கியால் தூக்கி, நீர் வடியவிட்டு, ஆறேழு மடிப்புத் துண்டில் சுற்றி நோயாளியின் முதுகில் வைப்பார்கள். ‘ஹாட் பேக்’ என்று சொல்லப்படும் அந்தப் பைக்குள் தைத்து அடைத்திருப்பது பென்டோனைட் என்ற களிமண். நீரை உறிஞ்சிப் பலமடங்கு உப்பும் இந்த மண் இந்தியாவில் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானின் பார்மரிலும் ஏராளமாக வெட்டி எடுக்கப்படுகிறது. பை 20 நிமிடத்துக்கு மேலும் பயன்படும் அளவுக்குச் சூட்டை வைத்திருக்கும். வெள்ளைக் கோட்டு போட்ட சிகிச்சையும் கிராமத்துச் சேற்றுப் பற்றும் இந்த ஒரு மண்ணில் வந்து கைகோத்துக்கொள்கின்றன. மண்ணை மூட நம்பிக்கை என்று தள்ளுவதும், மண்ணுக்கே மந்திர சக்தி உண்டு என்று விற்பதும் இரண்டுமே தவறு என்பதற்கு அந்த எவர்சில்வர் தொட்டி போதுமான சாட்சி.

இந்திய இயற்கை மருத்துவத்தில் மண் சிகிச்சை வேரூன்றக் காரணமானவர் காந்தி. ஜெர்மனியைச் சேர்ந்த அடால்ஃப் ஜஸ்ட் எழுதி 1896இல் வெளிவந்த, இயற்கைக்குத் திரும்பச் சொல்லும் நூல் தென்னாப்பிரிக்காவில் அவர் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்துத் தன் மலச்சிக்கலுக்கு வயிற்றில் மண்பட்டி போட்டுப் பார்த்தார். பிறகு தலைவலி, கட்டி என்று பலருக்கும் போட்டார். 1942இல் ஆகா கான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது உடல்நலம் பற்றி எழுதிய சிறு நூலில் மண்ணுக்கென்று ஒரு பகுதியே ஒதுக்கினார். எரு கலந்த மண் ஆகாது, மணல் கலந்ததும் மிகவும் பிசுபிசுப்பதும் ஆகாது, மென்மையான வண்டல் நல்லது, ஐயமிருந்தால் சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்ற அவருடைய விதிகள் இன்றும் பெரும்பாலும் அப்படியே பின்பற்றப்படுகின்றன. 1946இல் புனே அருகே உருளி காஞ்சனில் அவர் தொடங்கிய இயற்கை மருத்துவ ஆசிரமம் இன்றும் நடக்கிறது. தமிழகத்தில் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி 2000இல் தொடங்கியது. ஐந்தரை ஆண்டுப் படிப்பு முடித்த இயற்கை மருத்துவர்கள் அங்கிருந்து வெளிவருகிறார்கள்.

மண்ணைத் தயார் செய்வது பொறுமை கேட்கும் வேலை. மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, இரண்டு மூன்று அடி ஆழத்தில், உரமும் பூச்சிமருந்தும் சாக்கடையும் எட்டாத இடத்தில் எடுக்க வேண்டும். கட்டிகளை உடைத்து, கல், வேர், ஓட்டுச் சில்லு பொறுக்கி, நல்ல வெயிலில் பல நாள் காயவைத்து, சல்லடையில் சலித்து, இரவு முழுக்க ஊறவைத்துப் பிசைவார்கள். விரலிடையில் வெண்ணெய்போல் வழுக்க வேண்டும், நறநறவென்று ஒரு மணலும் தட்டுப்படக் கூடாது. கறையான் புற்று மண்ணை இயற்கை மருத்துவர்கள் விரும்புவதும் இதனால்தான். ஆழத்திலிருந்து நுண்மண்ணை மட்டும் வாயில் கவ்விக் கொண்டுவந்து, எச்சிலால் ஒட்டிக் கட்டுவது கறையானின் வழக்கம். சலிக்கும் வேலையில் பாதியை அது முன்பே முடித்துவிடுகிறது.

மண்பட்டி என்றாலே சூடானது என்று எண்ணிவிடக் கூடாது. வயிற்றிலும் நெற்றியிலும் கண்மேலும் போடுவது குளிர்ந்த பட்டி. அதிலுள்ள நீர் ஆவியாகும்போது தோலின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மூட்டு வலிக்கும் தசைப் பிடிப்புக்கும்தான் சூடான பற்று. பிசைந்த சேற்றை நேரடியாக அடுப்பில் வைத்தால் அடியில் கொதித்து மேலே குளிர்ந்திருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, கிளறிக் கிளறிச் சூடாக்கினால்தான் சூடு ஒரே சீராக இருக்கும். அரை அங்குலக் கனத்தில் மூட்டைச் சுற்றி அப்பி, மேலே கம்பளியால் போர்த்தி, 15 முதல் 20 நிமிடம் வைத்திருப்பது வழக்கம்.

இத்தாலியின் அபானோ ஊரில் இதே வேலையை ஒரு பெருங்கலையாக வளர்த்திருக்கிறார்கள். ஏரிக் களிமண்ணை அங்குள்ள வெந்நீர் ஊற்று நீரில் சுமார் இரண்டு மாதம் ஊறப்போட்டு, நுண்பாசி படர்ந்து பதப்பட்ட பிறகே பயன்படுத்துவார்கள். சாக்கடலின் கரிய உப்புச் சேறும் உலகெங்கும் விற்பனையாகிறது.

பலன் எவ்வளவு என்பதில் நேர்மையாக இருப்பது அவசியம். சூட்டுக்கு ஆதாரம் இருக்கிறது. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், திடீர் இடுப்பு வலி கண்ட 371 பேரில் ஒரு பகுதியினருக்கு 40 டிகிரியில் எட்டு மணி நேரம் சூடு தரும் பட்டையும் மற்றவர்களுக்கு இபுப்ரோஃபென் அல்லது பாரசிட்டமால் மாத்திரையும் தரப்பட்டன. பட்டை அணிந்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. பட்டை தயாரிப்பாளரின் பங்கும் அந்த ஆய்வில் இருந்தது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 2006இல் பல ஆய்வுகளைத் தொகுத்து அலசிய காக்ரேன் அறிக்கை, புதிதாக வந்த இடுப்பு வலிக்குச் சூடு சிறிதளவு, குறுகிய காலத்துக்கு உதவுகிறது என்றது. நாள்பட்ட வலிக்குச் சான்று போதாது என்றும் சொன்னது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, புதிய இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்பே சூட்டைப் பரிந்துரைக்கிறது. மாதவிடாய் வலிக்கும் இதம் உண்டு. அடிவயிற்றில் சுமார் 39 டிகிரியில் வைத்த சூட்டுப் பட்டை இபுப்ரோஃபெனுக்கு இணையாக உதவியதாக 2001இல் வந்த ஓர் ஆய்வு கண்டது.

மண்ணுக்கென்று தனிப்பலன் உண்டா என்பது கடினமான கேள்வி. முழங்கால் தேய்மானத்துக்குச் சேற்றுப் பற்று போட்ட ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன, பெரும்பாலானவற்றில் வலி குறைந்தது. ஆனால் அவை சிறியவை. போட்டது சேறா வெறும் சூடா என்பதை நோயாளியிடமிருந்து மறைக்கவும் முடியாது. துருக்கியில் ஒரு சிறு ஆய்வு, ஒரு பிரிவினருக்குச் சேற்றை நேராகவும் இன்னொரு பிரிவினருக்கு இடையே நைலான் தாள் விரித்தும் போட்டுப் பார்த்தது. நேராகப் போட்டவர்களுக்கே பலன் கூடுதல். களிமண்ணின் தாதுக்கள் ஏதோ செய்கின்றன என்று அதிலிருந்து ஊகிக்கலாம், முடிவாகச் சொல்ல அது போதாது. தேய்ந்த குருத்தெலும்பை எந்த மண்ணும் வளர்க்காது. ‘உடம்பின் நச்சையெல்லாம் மண் உறிஞ்சிவிடும்’ என்ற விளம்பரமும் உண்மையல்ல. நச்சை வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது.

புதுச்சேரியில் சூட்டுச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது நீரிழிவைப் பேசாமல் விட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, நீரிழிவில் முதலிடத்தில் கோவா 26.4 சதவீதத்தோடும், அடுத்து புதுச்சேரி 26.3 சதவீதத்தோடும் இருந்தன. வளர்ந்தவர்களில் நான்கில் ஒருவர். நீண்டகாலச் சர்க்கரை பாதத்து நரம்பை மெல்ல மெல்ல மரக்கச் செய்கிறது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாத காலுக்குச் செங்கல் சூடும் தெரியாது. 43 டிகிரியில் அடிக்க வேண்டிய மணி அடிப்பதில்லை. தோல் 44 டிகிரியை ஆறு மணி நேரம் தாங்கும். 60 டிகிரியில் ஐந்து விநாடியே வெந்துபோகப் போதும் என்று மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் 1947இல் கணக்கிட்டார்கள். குதிகால் எரிச்சலுக்கு என்று வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்கிய நீரிழிவு நோயாளி காலையில் கொப்புளத்தோடு எழுகிறார். அந்தக் கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல், விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் போவதும் உண்டு. பாதம் எரிவது, மரத்துப்போவது, பஞ்சில் நடப்பதுபோல் இருப்பது எல்லாம் நரம்புச் சேதத்தின் அறிகுறிகள். அந்தப் பாதத்துக்கு ஒத்தடம் கூடாது. பக்கவாதத்தால் உணர்வு குறைந்த பக்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பிசியோதெரபிஸ்ட் பைகளைத் தொட்டியிலிருந்து எடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனை எளியது. ஒரு சோதனைக் குழாயில் வெதுவெதுப்பான நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, மாற்றி மாற்றித் தோலில் வைத்து எது சூடு, எது குளிர்ச்சி என்று கேட்பது. தடுமாறினால் அந்த இடத்தில் சூடு வைக்கக் கூடாது. இரண்டு சிறு பாட்டில்களைக் கொண்டு வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

மண்ணில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மெலியோய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் பாக்டீரியா ஈரமான வயல் மண்ணில் வாழ்கிறது. ஆல்ஃபிரெட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும் 1911இல் ரங்கூனில் முதன்முதலாக அடையாளம் கண்ட நோய் இது. தென்னிந்தியாவிலும், புதுச்சேரிப் பகுதி உட்பட, மழைக்காலத்தையொட்டி இதனால் பாதிக்கப்படுவோர் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் நீரிழிவு உள்ளவர்கள். வெட்டுக்காயம், சேற்றுப்புண், பித்த வெடிப்பு வழியாகவும் அது உள்ளே நுழையும். ரணஜன்னி கிருமியின் விதைகளும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொதிக்கவைத்தாலும் அவை எளிதில் சாவதில்லை. ஆகவே தோலில் கீறல் இருக்கும் இடத்தில் எந்த மண்ணும் படக் கூடாது. ஒருவருக்குப் போட்ட மண்ணை இன்னொருவருக்குப் போடவும் கூடாது. காய்ந்த மண்ணைச் சலித்து மறுபடி பயன்படுத்தலாம் என்று காந்தி எழுதியிருந்தாலும், பல பேர் வந்துபோகும் சிகிச்சை நிலையத்துக்கு அது பொருந்தாது.

எந்த வலிக்குச் சூடு ஆகாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கால் பிசகிய முதல் இரண்டு நாள் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அப்போது சூடு வைத்தால் வீக்கம் கூடும். ஐஸ் ஒத்தடமே அந்த நேரத்துக்கு ஏற்றது. தானாகவே சிவந்து கொதிக்கும் மூட்டில் யூரிக் அமிலமோ கிருமியோ இருக்கலாம். திடீரென ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தால் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி அடைத்திருக்க வாய்ப்புண்டு. இந்த மூட்டு, கால் வீக்கம் இரண்டிலும், வலது அடிவயிற்றில் புதிதாக வந்த கடும் வலியிலும் ஒத்தடத்தில் நேரம் போக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். கர்ப்பிணியின் வயிற்றிலும் புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்திலும் சூடு வைப்பதில்லை. வலித் தைலம் தடவிய தோலின்மேல் ஒத்தடம் கொடுத்தால் எரிச்சலும் கொப்புளமும் வரும்.

நீடித்த முழங்கால் வலி, கழுத்துப் பிடிப்பு, வேலைக் களைப்பால் வந்த இடுப்பு வலி ஆகியவற்றுக்குச் சூடு நல்ல துணை. பற்று போட்ட ஐந்தாவது நிமிடத்தில் ஒருமுறை ஓரத்தை விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும். சீரான இளஞ்சிவப்பு சரியான நிறம். திட்டுத் திட்டாக வெளுத்தோ கருஞ்சிவப்பாகவோ தெரிந்தால் உடனே எடுத்துவிட்டுக் குழாய் நீரில் கழுவ வேண்டும். நேரம் முடிந்ததும் சேற்றைச் சுரண்டாமல் வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கரையவிட்டு, துணியால் ஒற்றித் துடைப்பார்கள். சூட்டில் இளகிய தசையும் உறையும் அடுத்த சில நிமிடங்களுக்குத்தான் நெகிழ்வாக இருக்கும். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலை மெதுவாகப் பத்துமுறை மடக்கி நீட்டும் பயிற்சியை அந்த நேரத்துக்குள் செய்து முடித்துவிட வேண்டும்.